ராஜபாளையம் நாய் ஸ்டாம்ப் வெச்சிருக்கீங்களா? நிஜ விலையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்!

2005 ஜனவரி 9-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. அதில் நம்ம ராஜபாளையமும் ஒண்ணு. ராஜபாளையத்திலோ பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தாத்தாவோட பழைய ஆல்பத்தில் அது கிடைத்தால், உடனே ஆன்லைனில் விலை தேடுவோம். அங்கேதான் உஷாரா இருக்கணும்!

* கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு: யார் வேண்டுமானாலும் ஆயிரம், லட்சம்னு போடலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் ஃபில்டரை இ-பே தளத்தில் போட்டுப் பாருங்க.

* எத்தனை அச்சானது? 1948-ல் வந்த காந்தி 10 ரூபாய் ஸ்டாம்பில் 'சர்வீஸ்' முத்திரை அச்சிட்டவை வெறும் 100. அதில் நான்கு சேர்ந்த துண்டு 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்குப் போனது. சாதாரண நினைவு ஸ்டாம்ப்கள் பெரும்பாலும் லட்சக்கணக்கில் அச்சாகும். பழசு என்பதாலேயே அரிது ஆகிவிடாது.

* எந்த நிலையில் இருக்கு? பின்பக்கப் பசை, ஓரப் பற்கள் முழுசா இருக்கணும். மஞ்சள் புள்ளி விழுந்தால் விலையும் விழும். நான்கும் செட்டாக இருந்தால் விற்பது சுலபம்.

* கைக்கு எவ்வளவு வரும்? தளத்தின் கமிஷன், கூரியர் செலவைக் கழியுங்க. மிஞ்சுவதுதான் உங்க விலை.

'லட்சம் தர்றோம், முதல்ல கட்டணம் அனுப்புங்க' என்றால் யோசிக்காம பிளாக் பண்ணுங்க. பழைய நாணயம், நோட்டு விஷயத்தில் இதே மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது. நிஜமாகவே வாங்குபவர் பணம் தருவார், கேட்க மாட்டார்.