ஒரே சாளரத்தில் எழுத்தும் ஏவலும்

கணினியில் நிரல் எழுதுவோர் அன்றாடம் கையாளும் கருவிகள் இரண்டு: எழுத்தைப் பதிந்து, திருத்தி, சேமித்து வைக்க உதவும் உரைத்திருத்தி ஒன்று, சுட்டியைத் தொடாமல் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே கணினியை வேலைவாங்கும் முனையம் மற்றொன்று. நெடுங்காலம் தனித்தனிச் சாளரங்களில் இயங்கிவந்த இவ்விரண்டும் இன்று ஒரே சாளரத்தின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலுமாக அமர்ந்திருப்பதைப் பலரும் வெறும் வசதியாகவே எண்ணுகிறார்கள். தமிழ்க் கோப்புகளைக் கையாள்பவருக்கோ இந்த அமைப்பு வசதியைக் கடந்த தேவையாகவே ஆகியிருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில், அர்ச்சுனா ஆற்றின் நீர்த்தேக்கத்தால் அறியப்படும் ஆனைக்குட்டம் என்னும் ஊரின் பெயரையே சோதனைச் சொல்லாக எடுத்துக்கொண்டால் அதன் காரணம் தெளிவாகும்.

முனையம் என்பது தொடக்கத்தில் ஒரு மென்பொருளாக இருக்கவில்லை. தொலைவில் இருந்த பெருங்கணினியோடு கம்பிவழி இணைக்கப்பட்ட, விசைப்பலகையும் திரையும் கொண்ட தனி இயந்திரமாகவே இருந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 என்னும் முனையத்தின் திரை 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்திடங்களும் கொண்டிருந்தது. அந்த இயந்திரங்கள் மறைந்துவிட்டபோதிலும், அவற்றின் நடத்தையை மென்பொருள் அப்படியே பாவனை செய்கிறது. சுட்டுக்குறியை நகர்த்துவதற்கு விடி100 ஏற்றுக்கொண்ட குறிப்புகளே இன்றைய முனையங்களிலும் செல்லுபடியாகின்றன. கட்டளையை வாங்கி நிறைவேற்றும் ஷெல் என்னும் நிரல், தான் ஓர் உண்மையான முனையத்தோடு பேசுவதாகவே நம்பும்படி, இயங்குதளம் இரு முனைகள் கொண்ட ஒரு போலி இணைப்பை அமைத்துக் கொடுக்கிறது. ஒரு முனையில் ஷெல்லும் மறுமுனையில் திரையில் எழுத்தை வரையும் நிரலும் இருக்கின்றன. அந்த மறுமுனையில் ஓர் உரைத்திருத்தியைப் பொருத்திவிட்டால், திருத்திக்குள்ளேயே முனையம் கிடைத்துவிடுகிறது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் நெடுநாளாக இருந்துவரும் இந்த ஏற்பாடு, விண்டோஸுக்கு 2018இல்தான் முறையாக வந்துசேர்ந்தது.

தனக்குள்ளேயே முனையத்தைத் திறப்பதை ஈமேக்ஸ் என்னும் திருத்தி வெகுகாலத்துக்கு முன்பே செய்துகாட்டியது. விம் திருத்தியின் 8.1ஆம் பதிப்பு 2018 மே மாதத்தில் முனையச் சாளரத்தோடு வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிவித்த விஎஸ் கோட், அடுத்த ஆண்டே அதைச் சேர்த்துக்கொண்டது. மாணவரிடையே பரவலாக இருப்பது விஎஸ் கோட் என்பதால், அமைப்பு முறையை அதை வைத்து விளக்குவது பொருத்தம்.

விஎஸ் கோட்டில் கண்ட்ரோல் விசையோடு, எஸ்கேப் விசைக்குக் கீழே உள்ள சாய்ந்த ஒற்றைக்குறி விசையையும் சேர்த்து அழுத்தினால், திரையின் அடிப்பகுதியில் முனையம் திறக்கிறது. மீண்டும் அழுத்தினால் மறைகிறது. திருத்தியில் எந்த அடைவு, அதாவது எந்தக் கோப்புறை, திறந்திருக்கிறதோ அங்கேயே முனையமும் தொடங்குவதால், கோப்பு இருக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொடக்கநிலை மாணவர் முனையத்தில் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை தவறான அடைவில் நின்றுகொண்டு கட்டளை இடுவதால் வருபவை என்பதை நினைத்தால், இந்தச் சிறு உதவியின் அருமை புரியும். எந்த ஷெல் தொடங்க வேண்டும், எழுத்தின் அளவு என்ன, மேலே உருண்டுபோன வரிகளில் எத்தனையை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பவற்றை எல்லாம் அமைப்புகள் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். தானாக நினைவில் நிற்பவை 1000 வரிகள். நீண்ட பிழைச்செய்திகளைப் பின்னோக்கிப் படிக்க வேண்டியவர் அதைப் பல மடங்கு உயர்த்திக்கொள்வது நல்லது. சில விசைச்சேர்க்கைகளைத் திருத்தியே பிடித்துக்கொண்டு ஷெல்லுக்கு அனுப்பாமல் விடுவதும் உண்டு. எந்த விசை யாருக்கு என்பதையும் அங்கேயே வரையறுக்கலாம். தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி போன்றவற்றின் சிறிய திரைகளில், இரண்டு சாளரங்களை மாற்றி மாற்றித் திறக்கும் வேலையும் இந்த ஒரே சாளர அமைப்பால் மிச்சமாகிறது.

இதுவரை சொன்னவை எந்த மொழியினருக்கும் பொது. தமிழருக்கென்று உள்ள சிக்கல் எழுத்துருவில் தொடங்குகிறது. முனையத்தின் திரை கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் போன்றது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விடி100 காலத்து விதி. ஆங்கில எழுத்துகளைச் சம அகலத்தில் வடிப்பது எளிது. ‘ர’வையும் ‘ணௌ’வையும் ஒரே அகலத்தில் அடைப்பது இயலாத காரியம். ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியாக்கத்தில் ‘ஆனைக்குட்டம்’ என்ற சொல் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று பார்த்தால் சிக்கலின் ஆழம் தெரியும். தமிழ் இலக்கணப்படி அது 7 எழுத்து. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகப் பதிவாவதால் ஒருங்குறியில் அது 12 குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு இடம் பிடிப்பதால் மொத்தம் 36 பைட்டு. முனையங்கள் பரவலாகப் பின்பற்றும் அகலக் கணக்கோ புள்ளிக்கு இடம் ஒதுக்காமல், ஐகாரக் குறிக்கும் உகரக் குறிக்கும் ஆளுக்கொரு கட்டம் ஒதுக்குவதால், அதே சொல்லுக்கு 9 கட்டம் என்கிறது.

இந்த நான்கு கணக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாததன் விளைவு கண்ணெதிரே தெரிகிறது. ‘னை’ என்பதில் முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி, பல முனையங்களில் ‘ன’வுக்குப் பின்னே புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கிறது, ‘கு’ பிளந்துபோகிறது, எழுத்தை அழிக்கும்போது சுட்டுக்குறி வேறெங்கோ நிற்கிறது. அமைப்புகள் பகுதியில் முனையத்துக்கான எழுத்துருப் பட்டியலில் சம அகல ஆங்கில எழுத்துருவை முதலிலும், காற்புள்ளிக்குப் பின் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றதொரு தமிழ் எழுத்துருவை இரண்டாவதாகவும் எழுதிவைத்தால் எழுத்துக்குப் பதிலாக வரும் வெற்றுப் பெட்டிகள் மறைந்து எழுத்து தெரியத் தொடங்கும்; விண்டோஸில் குறியாக்க எண்ணை 65001 என்று மாற்றினால் எழுத்துக்குப் பதிலாக வரும் கேள்விக்குறிகள் விலகும். அப்படியும் கட்டக் கணக்கால் வரும் சிதைவு முழுமையாக நீங்குவதில்லை. ஈமேக்ஸில் ஷெல்லை அதன் பழைய முறையில், கட்டமில்லாத சாதாரண உரைப்பக்கமாகத் திறந்தால் தமிழ் பிசகின்றி வருகிறது; ஆனால் திரை முழுவதையும் ஆளும் நிரல்கள் அங்கே ஒழுங்காக ஓடுவதில்லை.

இங்கேதான் திருத்திக்குள் முனையம் இருப்பதன் உண்மையான பயன் வெளிப்படுகிறது. கீழே சிதைந்து தெரியும் சொல், கோப்பில் சிதைந்திருக்கிறது என்று பொருளல்ல. அதே கோப்பை மேற்பகுதியில் திறந்தால், கட்டங்களுக்குக் கட்டுப்படாத திருத்தி அதைச் செவ்வையாக வரைந்து காட்டுகிறது. தரவு கெட்டிருக்கிறதா, காட்சி மட்டும் கெட்டிருக்கிறதா என்பதை ஒரே பார்வையில் பிரித்தறிய இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

சிவகாசியின் அச்சுத் தொழிலுக்கு இந்த வேறுபாடு நேரடியாகப் பயன்படக்கூடியது. காலண்டரும் டைரியும் லேபிளும் அச்சாகும் ஊரில், ஒருங்குறிக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் டிடிபி செய்யப்பட்ட கோப்புகள் இன்னும் பயன்பாட்டில் இருந்தால் அதில் வியப்பில்லை. பாமினியில் தமிழ் எழுத்து உண்மையில் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில விசைகளுக்குரிய குறியீடுகளே சேமிக்கப்பட்டு, எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. ‘ஆ’ என்பது ஆங்கிலப் பெரிய எம். ‘கு’ என்பது பெரிய எஃப். ‘ம்’ என்பது சிறிய கே எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பார்வைக்கு முன்னால் வரும் ஐகாரக் குறி, கோப்பிலும் ‘ன’வுக்கு முன்னாலேயே நிற்கிறது, ஒருங்குறியிலோ அது ‘ன’வுக்குப் பின்னால் வர வேண்டும். ஆகவே மாற்றுநிரல் எழுத்தை மாற்றுவதோடு நில்லாமல் வரிசையையும் திருப்ப வேண்டியிருக்கிறது. ஓபன்-தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நிரலகத்தில் இதைச் செய்யும் செயற்கூறு உள்ளது. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஆனைக்குட்டத்துக்கு 12 என்று சொல்லாமல் 7 என்றே எண்ணித்தரும் செயற்கூறும் உள்ளது. பிப் என்னும் நிறுவு கட்டளையை முனையத்தில் ஒரு முறை இட்டால் நிரலகம் வந்துசேரும்.

பாமினி வரியை முனையத்தில் நேராக ஒட்டிச் சோதிப்பது மட்டும் கூடாது. ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்பது ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குவதன் அடையாளம். பாமினிக்கோ அதுவே மெய்யெழுத்தின் புள்ளி. மூன்று புள்ளிகள் கொண்ட ஆனைக்குட்டத்தை ஷெல் மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிக் கட்டளையாக எண்ணி நிறைவேற்ற முயலும். சொல்லைத் தராமல் கோப்பின் பெயரைத் தருவதே முறை. அதேபோல, விளைவை முனையத்தில் அச்சிட்டுப் பார்க்காமல், யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுப் புதிய கோப்பில் எழுதும்படி நிரலை அமைக்க வேண்டும். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் திசைமாற்றுக் குறியால் (>) கோப்பை உண்டாக்கினால் அது யுடிஎஃப்-16ஆக எழுதப்பட்டுவிடும். ஆங்கிலச் சொற்களும் முகவரிகளும் கலந்த கோப்பு என்றால், அவையும் பாமினி என்று கருதப்பட்டுப் பொருளற்ற தமிழாக மாறிவிடும் என்பதால், மூலக்கோப்பை ஒரு பலகத்திலும் புதியதை அடுத்த பலகத்திலும் திறந்து வரிவரியாக ஒப்பிட்ட பின்னரே பழையதை ஒதுக்கிவைக்கலாம்.