கணவர் துபாயில், பிள்ளைகள் மலையில்: குடும்ப விசாவுக்கு முன் இங்கே முடிக்க வேண்டியவை

கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். நீங்கள் பிள்ளைகளோடு பூம்பாறையிலோ பண்ணைக்காட்டிலோ இருக்கிறீர்கள். குடும்ப விசாவுக்கு அவர்தான் அங்கே விண்ணப்பிக்கணும். அவருக்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். அதற்கான சான்றிதழ்களை இங்கே தயார் செய்வது உங்கள் வேலை.

பிறப்புச் சான்றிதழ்: குழந்தையின் பெயர் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் பிறப்பு பதிவான இடத்தில்தான் சேர்க்க முடியும். பிரசவம் வத்தலக்குண்டில் நடந்திருந்தால் அங்கேதான் போகணும். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லை. அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் 200 ரூபாய்.

திருமணச் சான்றிதழ்: கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி சார் பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிய வேண்டும்.

பாஸ்போர்ட்: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்துக்கு மதுரை மண்டல அலுவலகம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை. கணவர் தன் சம்மதத்தை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பட்டும்.

சான்றொப்பம்: ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அப்போஸ்டில் முத்திரை மட்டும் செல்லாது. திருமண, பிறப்புச் சான்றிதழ்களில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என வரிசையாகச் சான்றொப்பம் பெறணும்.

மலையிறங்கும் முன் எல்லா ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெயர், இன்ஷியல், பிறந்த தேதி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கணும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முதலில் அதைத் திருத்துங்க. சான்றொப்பம் வாங்கியபின் திருத்தினால் மறுபடி முதலிலிருந்து அலையணும்.