கருவிழி ஓரத்தில் ஒரு குட்டி வாசல்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட யாரிடமாவது, உள்ளே என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். "என்னமோ வெளிச்சமா இருந்துச்சு, முடிஞ்சிருச்சுன்னாங்க, எந்திரிச்சு வந்துட்டேன்" என்பார்கள். தெருவுக்கு நாலு பேர் செய்துகொண்ட ஆபரேஷன். அதில் நடக்கும் அற்புதத்தை அந்த நாலு பேரும் பார்த்ததே இல்லை! மதுரையில் ஒரு கண் மருத்துவமனை தியேட்டரில், சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மைக்ராஸ்கோப்பில் டாக்டர் பார்ப்பதெல்லாம் அப்படியே டிவியிலும் ஓடுகிறது. திரை முழுக்க ஒரே ஒரு கண். அன்றிலிருந்து யாரைக் கண்டாலும் இதே பேச்சாகத்தான் இருக்கிறேன்.

தியேட்டருக்குப் போகும் முன் வெளி ஹாலைப் பாருங்கள், அங்கேயே கொண்டாட்டம் தொடங்கிவிடுகிறது. பச்சை அங்கியும் தலையில் தொப்பியுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டிய கண்ணுக்கு நேர் மேலே, நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி. அது போதாதென்று கடந்துபோகிற ஒவ்வொருவரும் பெயரைக் கேட்கிறார்கள், கண்ணைக் கேட்கிறார்கள். "எத்தன தடவ கேப்ப தாயி, வலது கண்ணுதேன்!" என்று ஒரு பாட்டி சலித்துக்கொள்கிறார். "இன்னும் ரெண்டு பேரு கேப்பாங்க பாட்டி, கோவிச்சுக்காம சொல்லுங்க" என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே அடுத்த சொட்டை விடுகிறார். சிரிப்புதான், ஆனால் கண் மாறிவிடக் கூடாதே!

அந்தச் சொட்டு கண்பாப்பாவை அகலமாக விரிப்பதற்கு. லென்ஸ் இருப்பது அதற்குப் பின்னால்; பாப்பா விரிந்தால்தான் டாக்டருக்கு வழி. ஆண்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் தொந்தரவுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறுநீருக்கான மாத்திரை கண்ணில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள். அது கருவிழித் திரையைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், ஆபரேஷன் நடுவே பாப்பா சுருங்கிக்கொள்ளும். தெரிந்திருந்தால் டாக்டர் அதற்கேற்பத் தயாராக வருவார்.

இதற்கெல்லாம் முன்பே பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்திருப்பார்கள். கண்ணீர் வழியும் பாதையில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் சோதனைதான் எனக்குப் பிடித்தது. கண்ணோரத் துளையில் மொண்ணை ஊசியால் உப்புநீரைச் செலுத்துகிறார்கள். "தொண்டைக்குத் தண்ணி வருதா?" உட்கார்ந்திருப்பவர் முகம் மாறுகிறது, ஒரு மிடறு விழுங்குகிறார், "ஆமா, கரிக்குது!" பாதை சுத்தம். அடைத்துக்கிடந்தால் அங்கே தேங்கும் கிருமி ஆபரேஷன் செய்த கண்ணுக்குள் போய்விடலாம். அதனால்தான் இந்தச் சோதனை.

அப்புறம் லென்ஸ் பவர் கணக்கு. நம் கண்ணின் முன்பின் நீளம் சராசரியாக 23, 24 மில்லிமீட்டர். அதை அளப்பதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால், வைக்கும் லென்ஸில் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று பவர் வரை தவறிவிடும்! தாடையைத் தாங்கியில் வைத்து "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று அவர்கள் கெஞ்சுவது இதற்காகத்தான். தயவுசெய்து ஆடாதீர்கள்.

புரையைக் கண்ணின் மேல் படரும் ஆடை என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். அது மேலே இல்லை. பிறக்கும்போது பளிங்காக இருந்த நம் சொந்த லென்ஸே உள்ளுக்குள் மங்கிப்போவதுதான் புரை. லென்ஸில் இருப்பது தண்ணீரும் புரதமும். வயது ஏற ஏறப் புரதம் திரண்டு, வெளிச்சத்தை வழிமறிக்கிறது. சர்க்கரை நோய், நெடுநாள் ஸ்டீராய்டு, கண்ணில் பட்ட அடி, புகைப்பழக்கம் எல்லாம் அதைச் சீக்கிரம் வரவழைக்கும். கரைக்கிற சொட்டு மருந்து கிடையாது. அப்படிச் சொல்லி விற்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

இப்போது தியேட்டர்! கண்ணைச் சுற்றிப் பெட்டடைன் தடவி, துணி போர்த்தி, இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பிக் கவ்வி. மரத்துப்போவதற்குச் சொட்டு மருந்து மட்டும் விட்டிருக்கிறார்கள். சிலருக்குக் கண்ணோரம் ஊசியும் உண்டு. படுத்திருப்பவர் விழித்துத்தான் இருக்கிறார். கத்தி வருவது தெரியுமோ என்று பயப்பட வேண்டாம். மைக்ராஸ்கோப் விளக்கின் ஒளிதான் பெரும்பாலும் தெரியும். அது நீலமாக, ரோஜா நிறமாகக் கலைந்து கலைந்து மாறுகிறது என்று பலர் சொல்கிறார்கள்.

திரையில், கருவிழி ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கீறல். அதுதான் வாசல். அதன் வழியாக டாக்டர் ஒரு ஜெல்லை நிரப்பி, உள்ளே இடம் உண்டாக்குகிறார். அடுத்து நடப்பதைப் பார்க்கையில் நான் மூச்சு விடவில்லை. லென்ஸை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற உறையின் முன்பக்கத்தை நுனி வளைந்த ஊசியால் மெல்லக் கிள்ளி, வட்டமாக உரித்துக்கொண்டே வருகிறார். எங்கேயும் கிழிசல் ஓரத்துக்கு ஓடாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது. ஐந்து மில்லிமீட்டர் சொச்சம் அகலத்தில் துல்லியமான ஒரு வட்டம். அளவுகோல் இல்லை, காம்பஸ் இல்லை, கை மட்டும்! எனக்குக் கைதட்டத் தோன்றியது. கையைத்தான் கட்டியிருந்தேனே.

பிறகு, பேக்கோ என்று அவர்கள் சொல்கிற கட்டம். பேனா போன்ற கருவியின் முனை விநாடிக்கு ஏறக்குறைய 40,000 தடவை அதிர்கிறது. பழுப்பு லென்ஸ் விண்டு, துண்டு துண்டாகி, அதே முனையால் உறிஞ்சப்படுகிறது. டாக்டரின் கால் மிதியை அழுத்துவதற்கேற்ப மெஷினின் ஒலி ஏறி இறங்குகிறது. திரையைப் பார்க்காமலே, எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று அங்கிருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். இந்த வித்தை 1960-களில் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க டாக்டருக்கு உதித்தது, பல் டாக்டரின் நாற்காலியில். பல்லைச் சுத்தம் செய்கிற அதிர்வுக் கருவியைக் கண்டதும் பொறி தட்டியிருக்கிறது!

புரை நன்றாக முத்தட்டும் என்று இன்னமும் தள்ளிப்போடுகிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: வேண்டாம். முத்த முத்த லென்ஸ் கெட்டிப்படும், உடைக்க அதிக அதிர்வு வேண்டும். அதன் சூடும் உரசலும் கருவிழியின் உட்புறச் செல்களைப் பாதிக்கும். அவை ஒருமுறை போனால் திரும்ப முளைக்காதவை. தினசரி வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகிவிட்டதா, அப்போதே போகலாம். மிகவும் கெட்டிப்பட்ட புரையை 6, 7 மில்லிமீட்டர் சாய்வுச் சுரங்கம் வழியாக முழுசாகவே வெளியே எடுப்பதும் உண்டு. பெரிய மெஷின் வேண்டாம், பெரும்பாலும் தையலும் வேண்டாம். அதை ஏழைக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேர்ந்த கையில் அது அருமையான ஆபரேஷன்.

இப்போது திரையில் எஞ்சியிருப்பது வெறும் பை. அதன் பின்புறம், மெல்லிய இடத்தில், தலைமுடியின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒட்டியிருக்கும் தூசு துரும்பையெல்லாம் அதில் பட்டும் படாமல் துடைக்கிறார்கள். சிஸ்டர் லென்ஸ் பெட்டியில் பெயரையும் பவரையும் உரக்கப் படிக்கிறார், டாக்டர் தலையசைக்கிறார். ஆறு மில்லிமீட்டர் லென்ஸ், சுருட்டப்பட்டு அந்தக் குட்டி வாசலுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் அவசரமே இல்லாமல் சுருள் பிரிகிறது. முதலில் ஒரு விளிம்பு, அப்புறம் மறு விளிம்பு, கடைசியில் மடங்கியிருந்த இரண்டு மெல்லிய கால்களும் நீண்டு பையின் சுவரைத் தொட, லென்ஸ் நடுவில் வந்து நிற்கிறது. அடடா!

அந்தப் பிளாஸ்டிக் துண்டுக்குப் பின்னால் ஒரு போரே இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில், விமானத்தின் அக்ரிலிக் கூரை உடைந்து விமானிகளின் கண்ணில் சில்லுகள் தைத்தன. அவற்றைக் கண் வெறுக்காமல் ஏற்றுக்கொண்டதை ஹெரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்தார். நம்மூரில் அது ரொம்ப காலம் எட்டாக்கனி. புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் முறுக்கிப்போயும் கத்தி பிடித்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணி ஓய்வுக்குப் பின் 1976-ல், 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அவர்களுடைய ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. நூறு டாலருக்கு விற்றதைப் பத்து டாலருக்கும் கீழே இறக்கியது. சோடாபுட்டிகளை ஊரைவிட்டு விரட்டியதில் இந்தத் தொழிற்சாலைக்குப் பெரும் பங்கு!

கடைசியில் ஜெல்லை உறிஞ்சி எடுத்து, கீறலின் ஓரத்தில் கொஞ்சம் உப்புநீரைச் செலுத்த, வாசல் தானாகவே அடைத்துக்கொள்கிறது. தையல் இல்லை. மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம்.

வீட்டுக்குப் போனபின் மண் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும்; ஓரிரு நாளில் அடங்கும். சொட்டு மருந்தை நாலு முதல் ஆறு வாரம் வரை, சொன்ன கணக்கில், கை கழுவிவிட்டு விட வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்கு ஊற்றும் தண்ணீர் கண்ணில் படக் கூடாது. வலி கூடினால், சிவப்பு ஏறினால், பார்வை குறைந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஓடுங்கள். சாதாரண லென்ஸ் வைத்தவர்களுக்குப் பேப்பர் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். ஆபரேஷன் சரியில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. சில மாதமோ வருஷமோ கழித்துப் பின்னுறை மங்கினால், லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்கிறார்கள்.

மஞ்சளேறிய பழைய லென்ஸ் போனதால் நீல நிறம் பளிச்சென்று திரும்பி வரும். கட்டுப் பிரிக்கும் வரிசையில் ஒரு பெரியவர், சிஸ்டரின் நீலப் புடவையையும் தன் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். இதுநாள்வரை வெள்ளை என்று நினைத்து உடுத்திவந்த வேட்டி எவ்வளவு பழுப்பு என்று அப்போதுதான் தெரிந்ததாம். மகனிடம் புது வேட்டி கேட்டார். சிஸ்டரிடம், "அப்ப அந்தக் கண்ணுக்கு என்னைக்கு வரட்டும்?" என்றார்.