நேத்து சொன்ன தீர்ப்பு இன்னைக்குச் செல்லுமா?

போன மாசம் திருப்பாதிரிப்புலியூர்ல பாசஞ்சர் ஏறி சிதம்பரம் போனோம். நான், பெரியம்மா பொண்ணு அக்கா, ரெண்டு நண்பர்கள். வழியெல்லாம் நோமிக் ஆடினோம். 1982ல அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் வெளியிட்ட விளையாட்டு இது. பலகை இல்லை, காய் இல்லை; விதியை மாத்துறதுதான் ஆட்டமே. உங்க முறை வந்தா ஒரு திருத்தம் கொண்டு வரணும், எல்லாரும் ஓட்டுப் போடணும். முதல் ரெண்டு சுற்றுல ஒருத்தர் எதிர்த்தாலும் செல்லாது. அப்புறம் பெரும்பான்மை போதும்.

புதுச்சத்திரம் தாண்டினப்ப நண்பன் ஒரு விதி கொண்டு வந்து பாஸ் பண்ணிட்டான்: ஆட்டத்துக்கு நடுவுல டீ குடிச்சா 10 பாயிண்ட் போகும். அடுத்தது என் முறை. கையில பாதி டீ. குடிச்சு முடிச்சேன். “விதிக்கு முன்னாடி வாங்கின டீ. எந்தத் திருத்தமும் பின்தேதியிட்டுச் செல்லாது”ன்னு நான். “வாங்கினது முன்னாடி, குடிச்சது பின்னாடிடா”ன்னு அக்கா.

யார் தீர்ப்பு சொல்றது? இப்ப யார் முறையோ, அவங்களுக்கு முந்தி ஆடினவர்தான் நடுவர். அதாவது அந்த நண்பன். என் பக்கம் சொல்லிட்டான். தீர்ப்பை மாத்தணும்னா மத்த அத்தனை பேரும் சேர்ந்து எதிர்க்கணும். அந்த அத்தனை பேர்ல நானும் உண்டு. நான் ஏன் எதிர்க்கப் போறேன்?

அடுத்து அக்கா முறை. முன்னாடியே ஊத்தி வச்ச பிளாஸ்க் டீயைக் குடிச்சாங்க. இப்ப நடுவர் நான். 10 பாயிண்ட் வெட்டினேன்! முந்தின நடுவர் சொன்னது அடுத்த நடுவரைக் கட்டுப்படுத்தாது. சூபரோட விதியிலேயே இருக்கு. அக்காதான் முன்னிலையில இருந்தாங்க, அதனால நாலாவது ஆள் என்னை எதிர்க்கல. என் தீர்ப்பு நின்னுச்சு. அக்கா பேசுறதை நிறுத்திட்டாங்க.

நிஜ நீதிமன்றத்துல இப்படி நடக்காதான்னா, நாங்க இறங்கின ஊர்லயே பதில் இருக்கு. நடராஜர் கோயில் வழக்கு. பொது தீட்சிதர்கள் தனி சமயப் பிரிவுன்னு 1951ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. 1987ல அரசு அங்க செயல் அலுவலரை நியமிச்சு உத்தரவு போட்டுது. 2009ல அதே உயர் நீதிமன்றம் அதை ஏத்துக்கிச்சு. 2014 ஜனவரியில உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. சொன்ன காரணங்கள்ல ஒண்ணு: அதே தரப்புகளுக்கு நடுவுல 1951லயே முடிஞ்ச கேள்வியைத் திரும்பத் திறக்க முடியாது. முன்தீர்ப்புத் தடைன்னு பேர். கோயில் யார் கையில இருக்கணும்ங்கறதுல உங்களுக்கு வேற கருத்து இருக்கலாம், அது தனி விவாதம். நோமிக்ல இந்தப் பூட்டு கிடையாது, வேணும்னா நாமதான் போட்டுக்கணும்.

திரும்பி வர்றப்ப போட்டேன்: ஒரே கேள்விக்கு முதல்ல வந்த தீர்ப்பே செல்லும். பாஸ் ஆச்சு. அக்கா மட்டும் எதிர்த்து ஓட்டு. “அப்ப என் 10 பாயிண்ட்?”

திரும்பக் கிடைக்காது. பின்தேதியிட்டுச் செல்லாதுன்னு நான்தானே சொன்னேன்.