எகிப்தின் கிப்தியரும் முதல் முஸ்லிம் ஆட்சியும்

இஸ்லாம் பரவிய தொடக்கக் காலத்தில் கிறிஸ்தவர்களின் நிலை யாது என்னும் வினாவுக்கு இரு எளிய விடைகள் உலவுகின்றன. வாள்முனையில் வதைபட்டனர் என்பது ஒன்று. குறையேதுமின்றி வாழ்ந்தனர் என்பது மற்றொன்று. எகிப்தின் வரலாற்றை ஆய்ந்து நோக்கின், இரண்டுமே முழு உண்மையல்ல என்பதைக் காண்கிறோம்.

இயேசுவின் இயல்பு குறித்து 451இல் கால்செதோன் மாநாடு எடுத்த முடிவை எகிப்தின் கிப்தியர்கள் ஏற்கவில்லை. அதனால் பைசாந்தியப் பேரரசின் அடக்குமுறைக்கு ஆளாயினர். 631இல் பேரரசர் ஹெராக்ளியஸ் அலெக்சாந்திரியாவின் சமயத் தலைமையையும் ஆட்சிப் பொறுப்பையும் சைரஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். கிப்தியரின் தலைவர் பெஞ்சமின் மேல் எகிப்தின் மடங்களில் ஒளிந்து வாழ நேர்ந்தது.

அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் 639இன் இறுதியில் எகிப்தினுள் நுழைந்தார்கள். 641இல் பாபிலோன் கோட்டை பணிந்தது. மறு ஆண்டு அலெக்சாந்திரியா கைமாறியது. பெஞ்சமினுக்கு அவர்கள் அபயம் அளித்தார்கள். ஏறத்தாழ 13 ஆண்டுத் தலைமறைவுக்குப் பின் அவர் தம் பீடத்திற்குத் திரும்பினார்.

அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த நிகியு நகர ஆயர் யோவான் முஸ்லிம்களின் நண்பரல்லர். படையெடுப்பின்போது நிகழ்ந்த படுகொலைகளையும் வரிச்சுமையையும் அவர் கடிந்தே எழுதுகிறார். ஆயினும் அம்ர் அவர்கள் தேவாலயங்களின் உடைமைகளைக் கவரவில்லை என்பதையும் அவரே பதிவு செய்கிறார். அவரது இந்தச் சான்றை விரும்பி ஏற்கும் நாம், அவரது குறைகூறலை மட்டும் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

வயதுவந்த ஆண்களிடம் ஆண்டுக்கு 2 தீனார் ஜிஸ்யா பெறப்பட்டதென்றும், பெண்டிர், சிறார், முதியோர் விலக்குப் பெற்றனரென்றும் பண்டைய அரபு வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். பிற்கால ஆட்சியாளர்களின்கீழ் வரிச்சுமை மிகுந்தது. 725 அளவில் கிப்தியர்கள் கிளர்ந்தெழுந்தனர். 831–832இல் பஷ்மூர்ப் பகுதியில் மூண்ட கிளர்ச்சியை அடக்கக் கலீஃபா மஃமூனே நேரில் வர வேண்டியதாயிற்று. இதற்கிடையிலும் எகிப்தின் மக்கள் ஒரே நாளில் மதம் மாறிவிடவில்லை. முஸ்லிம்கள் அங்குப் பெரும்பான்மையினராகப் பல தலைமுறைகள் கடந்தன.

எகிப்து மக்களிடம் நன்முறையில் நடந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பெஞ்சமினுக்குக் கிட்டிய அபயம் அந்த அறிவுரைக்கு இசைந்தது. கிளர்ச்சிக்குத் தூண்டிய வரிக்கொடுமை அதனின்று விலகியது. ஆட்சியாளர்களை அந்த அளவுகோலால் அளப்பதே முறை. ஆட்சியாளர்களின் செயலைக் கொண்டு மார்க்கத்தை அளப்பது முறையன்று என்பதே நம் கருத்து.