மேடுபள்ளத்தில் குண்டு எப்படி நிற்கும்?

பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியில் விட்டுச்சென்றவற்றுள் பெத்தாங் விளையாட்டும் ஒன்று. 1907 வாக்கில் தென் பிரான்சின் லா சியோத்தாவில் உருவான இந்த ஆட்டத்துக்குப் புல்வெளி தேவையில்லை. சரளையும் மணலும் கலந்த வெறுந்தரை போதும். 650 முதல் 800 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை, 6 முதல் 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் சிறு மரக்குண்டின் அருகே நிறுத்த வேண்டும். அரியாங்குப்பம் போல ஆற்றையும் கடலையும் ஒட்டிய ஊரில் தரை ஓரிடத்தில் இறுகியும் அடுத்த அடியிலேயே மணலாகவும் இருந்தால் வியப்பில்லை. அப்படிப்பட்ட தரையில் தாழ்வாக உருட்டுவதே பாதுகாப்பு என்று பலரும் நினைப்பார்கள். அந்த நம்பிக்கைக்கு இயற்பியலில் ஆதாரம் இல்லை.

உருளும் குண்டு கடக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றில் பறக்கும் குண்டுக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். 8 மீட்டர் தூரத்துக்கு வேகத்தில் 2 சதவீதம் பிசகினால் இரண்டிலுமே சுமார் 30 செ.மீ. தவறும். ஆக, உருட்டுவதால் கையின் பிழை குறைவதில்லை. வழியிலுள்ள கல், குழி, மணல் எல்லாம் கூடுதலாகக் குறுக்கிடுகின்றன. 45 டிகிரியை ஒட்டி வீசினாலோ கோணம் ஓரிரு டிகிரி மாறினாலும் தூரம் அநேகமாக மாறாது. தாழ்வான வீச்சுக்கு இந்தச் சலுகை இல்லை.

விழும் இடத்திலேயே கல் இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எட்டு மீட்டர் பாதையைத் திருத்த முடியாது. விழவேண்டிய ஒரு சாண் இடத்தைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். விழுந்த பிறகு ஓடிவிடாதா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 45 டிகிரியில் விட்ட குண்டு தரை தொடும்போது கிடைவேகம் நொடிக்குச் சுமார் 6 மீட்டர். 60 டிகிரியில் அது 4.6 ஆகக் குறையும். உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து விடுவதால் கிடைக்கும் பின்சுழற்சி, தரையின் உராய்வைக் குண்டின் ஓட்டத்துக்கு எதிராகத் திருப்புகிறது. உயரத்துக்கு விலையும் உண்டு: கோணப் பிழை மீண்டும் தலைகாட்டும், 60 டிகிரி வீச்சுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் கூடுதலாக வேண்டும். 13 புள்ளிகள் வரை நீளும் ஆட்டத்தில் கை தளர்ந்த பிறகு, தரையும் சமமாக இருந்தால், உருட்டிவிடுவதில் தவறில்லை.