அழித்தாலும் அழியாத எண்

அருங்காட்சியகத்தில் பழைய ரிவால்வர் ஒன்றைக் கண்டால் நம் பார்வை அதன் குழலிலும் விசையிலும் பதியும். வல்லுநரோ உருப்பெருக்கிக் கண்ணாடியால் அதன் உடலிலுள்ள சின்னஞ்சிறு முத்திரைகளைத் தேடுவார். அவையே அதன் பிறப்புச் சான்றிதழ்!

பிரிட்டிஷ் படையில் 1915-இல் சேர்க்கப்பட்ட 'வெப்ளி மார்க் 6' என்ற ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள அகன்ற அம்புக்குறி, 'இது அரசின் உடைமை' என்பதைக் குறிக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், அரசு அதை விற்றுவிட்டது என்று பொருள். விற்பனைக்கு வந்தவற்றில் சோதனைச் சாலையின் முத்திரையும் இருக்கும். 1813-இல் சட்டப்படி அமைந்த பர்மிங்ஹாம் சோதனைச் சாலை இதற்குப் பெயர் பெற்றது. வழக்கத்தைவிட வலிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, பழுதின்றித் தாங்கிய துப்பாக்கிக்கே அங்கே முத்திரை கிடைக்கும்.

'முதல் உலகப் போரில் பயன்பட்டது' என்று ஒருவர் ஒரு ரிவால்வரை விற்க வருகிறார். அதில் 'என்ஃபீல்டு, 1923' என்று பொறித்திருக்கிறது. போர் 1918-இலேயே முடிந்துவிட்டதே! ஒரே ஒரு முத்திரை பொய்யை வெளிப்படுத்திவிடுகிறது.

சரி, வரிசை எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டால்? இங்கேதான் இயற்பியல் துணைக்கு வருகிறது. எஃகு, நுண்ணிய படிகமணிகளால் ஆனது. அச்சை வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயுள்ள படிகமணிகளும் நசுங்கி உருக்குலைகின்றன. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைவிட இந்தச் சிதைவு ஆழமாகச் செல்கிறது. உருக்குலைந்த பகுதியில் ஆற்றல் தேங்கியிருப்பதால், அமிலம் அதை எளிதில் தாக்கும்.

தேய்த்த இடத்தை மெருகிட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காப்பர் குளோரைடும் கலந்த கரைசலைத் தடவுகிறார்கள். நசுங்கிய பகுதியும் மற்ற பகுதியும் வெவ்வேறு அளவில் அரிக்கப்படுவதால், மறைந்த எண் மெல்லத் தோன்றுகிறது! தடய அறிவியல் கூடங்களில் திருட்டுத் துப்பாக்கிகளை அடையாளம் காணவும் இம்முறை உதவுகிறது.

ஆனால், சிதைந்த அடுக்கு முழுவதையும் தேய்த்துவிட்டாலோ, கடுமையாகச் சூடாக்கிப் படிகங்கள் புதிதாக அமைந்துவிட்டாலோ எண்ணை மீட்க இயலாது. எனவேதான் வல்லுநர்கள் ஒரு முத்திரையோடு நிற்பதில்லை. உடலிலுள்ள எண்ணும் தோட்டா உருளையிலுள்ள எண்ணும் ஒத்துள்ளனவா என்று பார்க்கிறார்கள். பழைய பரப்பின்மேல் கூர்மை மழுங்காத எழுத்துகள் தென்பட்டால் ஐயுறுகிறார்கள். சான்றுகள் பல ஒன்றுபட்டால்தான் முடிவு. அறிவியலின் வழியும் இதுவே அன்றோ?